திரும்பிக்கொண்ட கண்ணாடி

எனக்குத் தலைக்கனம் என்று சங்கரன்கோவிலில் ஒரு பேச்சு இருந்தது. டீச்சர் வேலை கிடைத்ததிலிருந்து தலைகால் புரியவில்லை, எதிரே வந்தால்கூட ஒரு சிரிப்புக் கிடையாது என்று ரதவீதியில் பாதிப் பேர் அம்மாவிடம் வந்து முறையிட்டிருக்கிறார்கள். சுதந்திரம் வந்து ஐந்தாறு வருஷம் ஆகியிருக்கும். எனக்கு இருபத்திரண்டு வயது. எதிரே வருகிறவர் பத்தடிக்குள் வந்தால்தான் அது ஆணா பெண்ணா என்பதே எனக்குத் தெரியும். அதற்குள் அவர் கோபித்துக்கொண்டு போயிருப்பார்.

கெட்ட பெயரை மாற்ற வேண்டும் என்று ஒரு வாரம் எதிரே வந்த எல்லோரையும் பார்த்துச் சிரித்து வைத்தேன். வெள்ளிக்கிழமை சாயங்காலம் அம்மா என்னை அடுப்படிக்குக் கூப்பிட்டாள். தாலுகா ஆபீசில் புதிதாக வந்திருந்த இரண்டு வாலிபக் குமாஸ்தாக்களைப் பார்த்து நான் மூன்று நாளாகச் சிரித்திருக்கிறேனாம். அதே ஆபீசில்தான் அப்பாவும் குமாஸ்தா.

"ஏட்டி, நீ பேசாம திமிரு பிடிச்சவளாவே இரு. அதுதான் நமக்கு மரியாதை" என்றாள் அம்மா.

கண் எனக்குப் பதினாறு பதினேழு வயதில் மாறத் தொடங்கியது. தெருவிளக்கு ஒன்று இருக்கும் இடத்தில் நாலைந்து விளக்குகள் வால் வைத்துக்கொண்டு தொங்கும். நிலா எனக்கு ஒருபோதும் ஒற்றையாக வந்ததில்லை. எங்கள் ஊர்ச் சாமியோ பாதி சிவன், பாதி பெருமாள். இரண்டு பேரும் ஒரே உருவமாக நின்றால் சண்டை தீரும் என்று ஊருக்குக் காட்டியவர். நான் சன்னதியில் நின்று பார்த்தால் அவர் மறுபடியும் பிரிந்து, பக்கத்தில் இன்னும் இரண்டு பேரைச் சேர்த்துக்கொண்டு நிற்பார். கன்னத்தில் போட்டுக்கொண்டு வந்துவிடுவேன். எல்லோருக்கும் சேர்த்துத்தானே கும்பிடுகிறோம் என்று ஒரு சமாதானம்.

ஒரு தந்திரம் மட்டும் கைவசம் இருந்தது. விரல்களை மடக்கி, உள்ளங்கையில் கடுகு அளவு ஓட்டை விட்டு, அதன் வழியாகப் பார்த்தால் எல்லாம் கொஞ்சம் ஒன்றுசேரும். எவ்வளவு அவசரமாக இருந்தாலும் ஒரு டீச்சர் நடுத்தெருவில் முஷ்டியைக் கண்ணில் வைத்துக்கொண்டு நிற்க முடியாது.

கிட்டத்தில் கொஞ்சம் பரவாயில்லை. புத்தகத்தை மூக்கோடு ஒட்டிவைத்துப் படித்து டிரெயினிங் முடித்தேன். பெண்கள் ஆரம்பப் பள்ளியில் ஐந்தாம் வகுப்பு கொடுத்தார்கள். பிள்ளைகளைக் குரலை வைத்து அடையாளம் கண்டுகொள்வேன். முன்னால் இருக்கிற மூன்று பெஞ்சுகள்தான் என் ராஜ்யம். அதற்குப் பின்னால் பாவாடை நிறங்கள் மட்டும் தெரியும். கடைசி பெஞ்சு எப்போதும் வாய் திறக்காது. எங்கள் தலைமையாசிரியை வகுப்பில் யாரும் "டீச்சர், டீச்சர்" என்று கத்தக்கூடாது, பதில் தெரிந்தால் கையை மட்டும் தூக்க வேண்டும், கூப்பிட்ட பிறகே எழுந்து பேச வேண்டும் என்று சட்டம் போட்டிருந்தார். நல்ல சட்டம் என்று நானும் மெச்சியிருக்கிறேன். கடைசி பெஞ்சுப் பிள்ளைகளுடைய மார்க் அட்டைகளில் எல்லாம் நான் ஒரே வரியைத்தான் எழுதினேன்: "அடக்கமானவள். கேள்விகளுக்குப் பதில் சொல்ல முன்வருவதில்லை."

தலைமையாசிரியை பாளையங்கோட்டைக் கிறிஸ்தவர். ஞாயிற்றுக்கிழமை கோவிலுக்குப் போவதைத் தவிர மற்ற நாளெல்லாம் பள்ளிக்கூடம்தான் அவருக்குக் கோவில். ஐப்பசி மாதம் ஒருநாள் நான் பூகோளம் நடத்திக்கொண்டிருந்தபோது அவர் சத்தமில்லாமல் பின்வாசல் வழியாக வந்து கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறார். குனிந்து ஏதோ நோட்டைப் பார்த்திருக்கிறார். எனக்குத் தெரிந்ததெல்லாம் மூலையில் ஒரு வெள்ளை உருவம் குனிந்திருந்தது மட்டும்தான்.

"ஏட்டி, அங்கன குனிஞ்சு என்ன பண்ணுதே? நிமிந்து உக்காரு" என்றேன்.

அந்த உருவம் நிமிர்ந்து உட்கார்ந்தது.

"கையை நீட்டு, வாரேன்" என்று பிரம்பை எடுத்துக்கொண்டு நடந்தேன். நாலாவது பெஞ்சுக்கு வந்தபோதுதான் அந்த வெள்ளைப் புடவையும் கொண்டையும் எனக்குப் பிடிபட்டன. அவர் உண்மையிலேயே கையை நீட்டிக்கொண்டிருந்தார்.

மத்தியானம் என்னைத் தம் அறைக்கு அழைத்தார். அவர் கோபிக்கவில்லை. "எவ்வளவு நாளா இப்படி?" என்று கேட்டார். உள்ளதைச் சொன்னேன். மேஜையிலிருந்து ஒரு பாரத்தை எடுத்து என் முன்னால் வைத்தார். புதிதாகச் சேர்ந்த டீச்சர்கள் தேகசுக சர்டிபிகேட் கொடுக்க வேண்டும். அதில் கண்ணுக்கென்று ஒரு கட்டம். கண்ணாடி போட்டாவது ஒரு கண்ணால் இருபதடி தூரத்திலிருந்து கண் டாக்டரின் எழுத்துப் போர்டில் ஆறாவது வரியைப் படிக்க வேண்டும்.

"அரைப் பரீட்சை லீவு முடிஞ்சு பள்ளிக்கூடம் திறக்கிற அன்னைக்கு இது என் கையில இருக்கணும்மா. இளையரசனேந்தல்ல இருந்து ஒரு பிள்ளை இந்த இடத்துக்கு எழுதிப் போட்டுக் காத்திருக்கா. நான் நிர்வாகத்துக்கிட்ட ஒரு தடவைதான் பேச முடியும்" என்றார். பிறகு திருநெல்வேலியில் தமக்குத் தெரிந்த கண் டாக்டருக்கு ஒரு கடிதம் எழுதிக் கொடுத்தார்.

எனக்கு அந்த வேலை உயிர். அதை மறைக்க வேண்டியதில்லை. எங்கள் தெருவில் என் வயதுப் பெண்களில் ரிஜிஸ்தரில் தன் கையெழுத்துப் போட்டு வேலைக்கு நுழைகிறவள் நான் ஒருத்திதான். அது போனால் பெண் பார்க்க வருகிறவர்களுக்குக் காப்பி கொண்டுபோய் வைக்கிற வேலைதான் மிச்சம். அதையும் நான் யார் மடியிலாவது வைத்துவிடுவேன்.

அம்மாவும் நானும் பஸ் ஏறினோம். டாக்டர் ஐம்பது வயதுக்காரர். சிடுசிடுப்பான மனிதர் என்பது கதவைத் திறந்த விதத்திலேயே தெரிந்தது. கருப்பும் வெள்ளையுமாக வட்டத்துக்குள் வட்டம் வரைந்த ஒரு தட்டுப் பலகையை என் முகத்துக்கு நேரே பிடித்தார். அதன் நடுவே ஒரு துளை. அந்தத் துளை வழியாக என் கண்ணைப் பார்த்தார். பலகையிலுள்ள வட்டங்கள் கருவிழியில் எப்படிப் பிரதிபலிக்கின்றன என்று பார்ப்பதாம். பார்த்ததை ஒரு தாளில் வரைந்தும் காட்டினார். வட்டமாக இருக்க வேண்டியது கத்தரிக்காய் வடிவத்தில் கீழே இழுத்துக்கொண்டிருந்தது.

"கருவிழி பந்து மாதிரி உருண்டையா இருக்கணும். ஒனக்கு முன்னால தள்ளிக் கூம்பா நிக்கி. கெரட்டோகோனஸ்னு பேரு. நீ கண்ணைக் கசக்குவியோ?"

"அரிச்சா கசக்குவேன்."

"இனிமே கசக்கப்படாது."

"நானும் சின்னப் பிள்ளையில இருந்து சொல்லுதேன் ஐயா, கேட்டாத்தானே" என்று அம்மா உள்ளே புகுந்தாள்.

சீமையில் கண்ணின் மேலேயே வைக்கிற கண்ணாடி ஒன்று வந்திருக்கிறது, நம் பக்கம் வர நாளாகும், அதுவரை மூக்கில் மாட்டுகிற சாதாரணக் கண்ணாடியிலேயே முடிந்ததைத் தேற்றலாம் என்றார். ஏதேதோ அளந்து எழுதிக்கொண்டார். பதினைந்து நாளில் பஸ்ஸில் பார்சல் வரும். முதலில் ஒரு மாதிரியாக இருக்கும், பழகப் பத்து நாள் பிடிக்கும் என்று எச்சரித்தும் அனுப்பினார். அந்தக் கடைசி வார்த்தைதான் எனக்கு வினையாக முடிந்தது.

கார்த்திகைக் கடைசியில் பார்சல் வந்தது. மெல்லிய உலோகச் சட்டத்தில் இரண்டு வட்டக் கண்ணாடிகள். அந்தக் காலத்தில் எல்லாம் வட்டம்தான். நான் கையை நீட்டுவதற்குள் அம்மா அதை வாங்கி மடியில் கட்டிக்கொண்டாள். புதுசு எதுவானாலும் அம்மனுக்குக் காட்டாமல் எங்கள் வீட்டில் யாரும் தொடக்கூடாது. புதுச்சேலை, புதுக்குடம், அப்பா வாங்கிய சைக்கிள் எல்லாம் கோமதியம்மனைப் பார்த்துவிட்டு வந்தவைதான்.

கண்ணாடி அர்ச்சனைத் தட்டில் ஏறி உள்ளே போய், குங்குமத்தோடு வெளியே வந்தது. அம்மாவுக்கு அதுவும் போதவில்லை. எங்கள் கோவிலில் புற்றுமண்தான் பெரிய மருந்து. சிரங்கு முதல் வயிற்றுவலி வரை எல்லாவற்றுக்கும் அதுவே. அந்த மண்ணைக் குழைத்து இரண்டு கண்ணாடியிலும் பூசி, கோவில் தீர்த்தமான நாகசுனைத் தண்ணீரைத் தெளித்து, வீட்டுக்குக் கொண்டுவந்தாள். காய்ந்த மண்ணும் குங்குமமும் சட்டத்தின் ஓரத்தில் ஒட்டிக்கொண்டு வர மறுத்தன. வெந்நீரில் ஊறப்போட்டு, சீயக்காய்த் தூள் போட்டு, வெள்ளித் தம்ளர் விளக்குகிற மாதிரி வட்டவட்டமாகத் தேய்த்துப் பளபளவென்று ஆக்கினாள். வலது கண்ணாடியில் மண் கூட ஒட்டியிருந்ததால் அதைக் கூடுதலாகத் தேய்த்தாள்.

இவ்வளவும் ஆன பிறகுதான் நான் போட்டேன்.

தரை என்னை நோக்கி ஏறி வந்தது. கதவு ஒருபக்கமாகச் சாய்ந்திருந்தது. அம்மாவின் முகம் நீளமாகி, மோவாய் தோளுக்குப் போய்விட்டது.

"எப்படிட்டி இருக்கு?" என்று அவள் ஆசையாகக் கேட்டாள்.

"பழகணும்" என்றேன். டாக்டர் சொல்லியிருக்கிறாரே.

பிடிவாதத்தில் என்னை மிஞ்ச ஆள் கிடையாது. பத்து நாள் அதைக் கழற்றவில்லை. பள்ளிக்கூடப் படியில் இல்லாத ஒரு படிக்குக் காலைத் தூக்கிவைத்தேன். இருக்கிற படியை விட்டுவிட்டு இறங்கினேன். கரும்பலகையில் நேராக எழுதுகிறேன் என்று நினைத்து எழுதியது எல்லாம் சரிந்து கீழே போனது. பிள்ளைகள் தலையைச் சாய்த்துவைத்துக்கொண்டு நோட்டில் எழுதினார்கள். முன்பு நாலு விளக்கு தெரிந்த இடத்தில் இப்போது ஒரு தோரணம் தெரிந்தது. தலை விண்விண்ணென்று வலிக்கும். டாக்டர் ஒன்றுக்கும் ஆகாதவர் என்று அப்பா தீர்ப்புச் சொன்னார். அம்மன் சோதிக்கிறாள் என்றாள் அம்மா. பதினோராவது நாள் எனக்கு அழுகை வந்துவிட்டது. இந்தக் கண்ணாடியோடு ஆறாவது வரி இருக்கட்டும், போர்டு எந்தச் சுவரில் தொங்குகிறது என்பதைக்கூடச் சொல்ல முடியாது.

அரைப் பரீட்சை முடிந்து லீவு விட்ட அன்று. பிள்ளைகள் அட்டைகளை வாங்கிக்கொண்டு போய்விட்டார்கள். காலியான வகுப்பில் நான் மட்டும் உட்கார்ந்து ரிஜிஸ்தர் எழுதிக்கொண்டிருந்தேன். கண்ணாடியெல்லாம் சாக்கட்டித் தூள். எரிச்சலில் கழற்றி, முந்தானையால் வலதுகண் பக்கத்தை முரட்டுத்தனமாகத் துடைத்து, மறுபடி மாட்டிக்கொண்டு தலையை நிமிர்த்தினேன்.

பின்சுவரில் இந்தியா படம் தொங்கியது. அதை மாட்டியிருந்த ஆணி தெரிந்தது.

ஒரே ஒரு ஆணி. அதன் தலை கொஞ்சம் வளைந்திருந்தது. ஆறு மாதமாக அந்த வகுப்பில் பாடம் நடத்துகிறேன், அந்தச் சுவரில் ஆணி இருக்கும் என்று ஊகித்திருந்தேனே தவிரப் பார்த்ததில்லை. எழுந்து நின்றேன். சந்தோஷத்தில் கண் கலங்கிவிட்டது. கண்ணாடியைக் கழற்றி, கண்ணையும் துடைத்து, கண்ணாடியையும் நன்றாகத் துடைத்து மாட்டினேன். ஆணியைக் காணோம். சுவரே சாய்ந்துவிட்டது.

என் புத்திக்கு உறைக்க அரைமணி நேரம் ஆயிற்று. கண்ணாடியை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து, கட்டைவிரலால் மெல்லத் தள்ளினேன். சட்டத்துக்குள் வலது கண்ணாடி சுழன்றது. மாட்டிப் பார்த்தேன். கொஞ்சம் தள்ளினேன். மறுபடி பார்த்தேன். ஆணி கிட்டே வந்தது, இரண்டானது, தூரப் போனது, திரும்பி வந்தது. ஒரு இடத்தில் மட்டும் சிக்கென்று ஒற்றை ஆணியாக நின்றது. வெளியே ஓடிவந்து கோபுரத்தைப் பார்த்தேன். என் கண்ணுக்கு எப்போதும் புகைபோலத் தெரிகிற உச்சியில் கலசங்கள் தனித்தனியாக நின்றன. ஒன்று விடாமல் எண்ணினேன்.

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் கத்தினேன். உன் சீயக்காயால்தான் இத்தனை நாள் தலைவலி, நீ தேய்த்த தேய்ப்பில் கண்ணாடியே திரும்பிக்கொண்டது என்று வாயில் வந்ததெல்லாம் சொன்னேன். அம்மா சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தாள், சாப்பிடவில்லை. நான் பேசியது அதிகம் என்று எனக்கே தெரிந்தது. ஆனாலும் கோபம் தணியவில்லை. சட்டம் தளர்ந்துபோயிருந்ததால் கண்ணாடி ஓரிடத்தில் நிற்கவில்லை. தும்மினால்கூட நழுவிவிடும்.

மார்கழிக் குளிரில் முதல் பஸ்ஸில் மறுபடியும் திருநெல்வேலிக்குப் போனோம்.

டாக்டர் கண்ணாடியைக் கையில் வாங்கியதுமே முகம் சுளித்தார். "இதை யார் திருப்பினது?"

"நான்தான் ஐயா" என்றாள் அம்மா. புற்றுமண்ணிலிருந்து சீயக்காய் வரை ஒன்றையும் மறைக்காமல் ஒப்புவித்தாள். "வட்டமா இருக்கு, எப்படி இருந்தா என்னன்னு நெனச்சிட்டேன்."

"ஆளு வட்டமா இருந்தாலும் தலைகீழா நிப்பாட்டலாமாம்மா? இந்தக் கண்ணாடி ஒரு வாக்குலதான் வேலை செய்யும். நான் எழுதின கோணத்துல நின்னாத்தான் பிரயோஜனம்." அவர் தம் சீட்டைப் பார்த்து, கண்ணாடியைத் தாம் எழுதிய இடத்துக்குத் திருப்பி, திருகாணியை முறுக்கி, என் மூக்கில் மாட்டினார். "இப்பப் படி."

எதிர்ச் சுவரில் தொங்கிய போர்டில் மூன்று வரி படித்தேன். நாலாவது கலைந்து போயிற்று.

"நான் திருப்பி வச்சப்போ இதைவிட நல்லாத் தெரிஞ்சது" என்றேன்.

"இங்க பாரும்மா. டாக்டர் நீயா, நானா?"

அந்த நாளில் எனக்குக் கோபம் வந்தால் நாக்கு முந்திக்கொள்ளும். "டாக்டர் நீங்கதான். கண்ணு என்னது" என்றேன்.

அம்மா என் முழங்கையைக் கிள்ளினாள். டாக்டர் திருகாணியைத் தளர்த்திக் கண்ணாடியை என் கையில் கொடுத்தார். நான் கட்டைவிரலால் தள்ளித் தள்ளி என் இடத்தைப் பிடித்து மாட்டிக்கொண்டேன். ஐந்து வரி படித்தேன்.

அவர் அதைக் கழற்றி ஜன்னலோரம் கொண்டுபோய் அளந்தார். மறுபடியும் அளந்தார். தாம் எழுதிய கோணத்துக்கும் என் கோணத்துக்கும் வெகுதூரம் என்றார். பிறகு அவர் பேசியதில் சிடுசிடுப்பு இல்லை. கண்ணுக்குள் வெளிச்சம் அடித்து, அது அசைகிற திசையைப் பார்த்துத்தான் கோணத்தைக் கணிப்பார்களாம். மற்றவர்கள் கண்ணில் வெளிச்சம் ஒன்றாக நகரும். என் கண்ணில் அது இரண்டாகப் பிரிந்து கத்தரிக்கோல் மாதிரித் திறந்து மூடுகிறதாம். அதில் எது சரி என்று அவர் உத்தேசமாகத்தான் எழுதியிருக்கிறார்.

"ஒங்க மாதிரிக் கண்ணுக்கு என் கணக்கைவிட ஒங்க விரல்தான் தேவல போலிருக்கு" என்றார். அதுவரை 'நீ' என்றவர் 'நீங்க' என்றார். நான் அதைக் கவனித்தேன்.

சோதனைச் சட்டம் என்று இரும்பில் ஒன்று உண்டு. மூக்கை அமுக்கிவிடும் அளவுக்குக் கனம். அதில் அவர் ஒவ்வொரு வில்லையாகப் போட, நான் ஓரத்திலிருந்த குமிழைத் திருகி, எங்கே நன்றாகத் தெரிகிறதோ அங்கே நிறுத்த வேண்டும். வில்லை மாற்றுவது அவர் பாடு, திருப்புவது என் பாடு. இடது கண் எதற்கும் மசியவில்லை. வலது கண் இரண்டு மணி நேரமாக ஐந்தாவது வரியைத் தாண்ட மறுத்தது. டாக்டருக்குச் சாப்பாடு வந்து ஆறிப்போயிற்று. கடைசியில் ஒரு வில்லையைப் போட்டு, நான் மயிரிழை தள்ளி நிறுத்தி, ஆறாவது வரியைக் கடகடவென்று படித்தேன்.

டாக்டர் பாரத்தை எடுத்துப் பேனாவைத் திறந்தார். வேலை என் கையில் வந்துவிட்டது. வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். ஆனால் பார்த்து எழுதியதற்காக நான் எத்தனை பிள்ளைகளைப் பெஞ்சின்மேல் ஏற்றியிருக்கிறேன்.

"ஐயா, ஒரு நிமிஷம். அந்தப் போர்டு எனக்கு மனப்பாடம் ஆயிட்டு. ரெண்டு மணி நேரமா அதையேதான படிக்கேன். கண்ணை மூடிக்கிட்டே சொல்லுவேன்." கண்ணை மூடிக்கொண்டு சொல்லியும் காட்டினேன்.

பேனா நின்றது. பக்கத்தில் தொங்கிய இங்கிலீஷ் போர்டும் அதே கதிதான். வேறு போர்டு அவரிடம் இல்லை. எதையாவது எழுதிக் காட்டுகிறேன் என்று தாளை எடுத்தார். அவர் கையெழுத்தைக் கிட்ட வைத்தே யாராலும் படிக்க முடியாது. இன்னொரு நாள் வரச் சொல்வார், அதற்குள் பள்ளிக்கூடம் திறந்துவிடும் என்று விரல்விட்டு நாள் எண்ணினேன். உண்மையைச் சொன்ன நாக்கை இழுத்து அறுக்கலாம் போல இருந்தது.

அப்போது அம்மா வாய் திறந்தாள். "ஐயா, எனக்கு எழுத்துத் தெரியாது. கோலம் தெரியும். நான் ஒரு கோலம் போட்டுக் காட்டுதேன். அதுல ஒரு சுழியை மூடாம விட்டிருவேன். எங்கன விட்டிருக்குன்னு அவ சொல்லட்டும்."

டாக்டர் சிரிக்கப் போனவர் நிறுத்திக்கொண்டார். "வட்டத்துல வாய் விட்டு வச்சு, வாய் எந்தப் பக்கம்னு கேக்கிற போர்டு சீமையில உண்டும்மா" என்றார். தம் மகளுடைய சிலேட்டையும் குச்சியையும் வீட்டிலிருந்து எடுத்துவர ஆள் அனுப்பினார். ஆறாவது வரி எழுத்தில் கோட்டுக்கும் கோட்டுக்கும் எவ்வளவு இடைவெளி என்று அம்மாவுக்குக் காட்டி, அதைவிடத் திறப்புப் பெரிதாக இருக்கக்கூடாது என்றார். அது மார்கழி மாதம். அம்மா தினமும் வாசலை அடைத்துச் சுழிக்கோலம் போடுகிறவள். சிலேட்டில் போடுவது அவளுக்குக் குன்றிமணியில் பெயர் எழுதுகிற மாதிரி இருந்தாலும் தயங்கவில்லை. நடைவழியின் மறுகோடிக்கு, இருபதடி தள்ளிப் போய், எங்களுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து போட்டாள். டாக்டர் என் பக்கம் நின்றார். அவரும் பார்க்கவில்லை.

முதல் கோலம் போட்டுச் சிலேட்டைத் தூக்கிப் பிடித்தாள். புள்ளிகளைச் சுற்றிச் சுற்றிக் கோடு போயிற்று. "கீழே, இடது பக்கம்" என்றேன். அம்மா தலையை ஆட்டினாள். அழித்துவிட்டு மறுபடி போட்டாள். "மேல் வரிசை, நடுச்சுழி." அதுவும் சரி.

மூன்றாவது கோலம் வந்தது. மேலிருந்து ஒவ்வொரு சுழியாகப் பார்த்துக்கொண்டு வந்தேன். திறப்பு இல்லை. கீழிருந்து பார்த்தேன். இல்லை. கண் மறுபடியும் ஏமாற்றுகிறதோ என்று வியர்த்துவிட்டது. குமிழைத் தொட்டேன், திருப்பவில்லை. டாக்டர் காத்திருந்தார். அம்மாவின் முகத்தைப் பார்த்தேன். அதில் ஒரு உதவியும் இல்லை. கல்லாக வைத்திருந்தாள். ஏதாவது ஒரு மூலையைச் சொல்லி வைக்கலாமா என்று மனசு அடித்துக்கொண்டது.

"இதுல திறப்பு இல்லை. எல்லாம் மூடியிருக்கு" என்றேன்.

டாக்டர் உச்சுக்கொட்டிவிட்டு நடைவழியின் கோடிக்கு நடந்தார். சிலேட்டை வாங்கினார். விரலால் கோட்டைத் தொட்டுக்கொண்டே முழுக்கோலத்தையும் சுற்றி வந்தார். பிறகு அம்மாவைப் பார்த்தார்.

"மூடித்தான் போட்டேன்யா. அவ குத்துமதிப்பாச் சொல்லுதாளா, பாத்துச் சொல்லுதாளான்னு தெரியாண்டாமா" என்றாள் அம்மா.

அந்த மனிதர் வாய்விட்டுச் சிரித்ததை அன்றுதான் பார்த்தேன். நின்றபடியே சுவரில் பாரத்தை வைத்துக் கையெழுத்துப் போட்டார். புதுக் கண்ணாடியைத் தாமே கடைக்காரரிடம் நின்று செய்து வாங்கி, லீவு முடிவதற்குள் அனுப்பினார். கண்ணாடியிலும் சட்டத்திலும் ஒரே இடத்தில் ஊசியால் கோடு கிழித்து, ஓரத்தில் அரக்குப் பொட்டு வைத்திருந்தது. கூடவே அம்மாவுக்கு ஒரு குறிப்பு: அம்மனுக்குத் தூரத்திலிருந்து காட்டினால் போதும்.

அன்று பஸ்ஸில் திரும்பி வரும்போது, நான் திட்டியதை மனசில் வைத்துக்கொள்ளாதே என்று அம்மாவிடம் சொன்னேன்.

"நான் தேய்க்கலேன்னா அது திரும்பும்னு ஒனக்குத் தெரிஞ்சிருக்குமாட்டி?" என்றாள். சாகும்வரை இதைச் சொல்லிக்காட்டுவாள் என்று தெரிந்துபோயிற்று. அப்படியே காட்டினாள்.

தை பிறப்பதற்கு முன்னால் பள்ளிக்கூடம் திறந்தது. பாரத்தைத் தலைமையாசிரியையின் மேஜையில் வைத்தேன். கண் கட்டத்தை ஒரு தடவைக்கு இரண்டு தடவை படித்துவிட்டு, "இனிமே என்னை நிமிந்து உக்காரச் சொல்ல மாட்டியே?" என்று கேட்டார். வகுப்புக்குப் போகும்போது நடக்கவில்லை, ஏறக்குறைய ஓடினேன்.

முதல் பாடம் பூகோளம். தாமிரபரணி எந்த மலையில் உற்பத்தியாகிறது என்று கேட்டேன். முன்பெஞ்சில் இரண்டு கைகள் எழுந்தன. வழக்கமான கைகள். அவற்றைத் தாண்டிப் பார்த்தேன். பின்சுவரில் ஆணி இருந்தது. அதற்கு நேர் கீழே, கடைசி பெஞ்சின் மூலையில், மெலிந்த ஒரு கை, கருப்பு ரப்பர் வளையலோடு நேராக உயர்ந்திருந்தது.

"நீ சொல்லு" என்றேன்.

அந்தப் பிள்ளை திரும்பித் தனக்குப் பின்னால் யாராவது இருக்கிறார்களா என்று பார்த்தாள். பின்னால் சுவர்தான் இருந்தது. மெதுவாக எழுந்து, "பொதிகை மலை டீச்சர்" என்றாள்.

சரியான பதில். எனக்குக் குஷி. "இத்தனை மாசம் எங்கட்டி இருந்தே? கையத் தூக்க இன்னைக்குத்தான் மனசு வந்துதா?"

"தெனமும் தூக்கத்தான் செய்யுதேன் டீச்சர்" என்றாள். குறைசொல்கிற குரல் இல்லை, கேட்டதற்குப் பதில். "நீங்க என்னைய நேராப் பாப்பீங்க. பெறகு வேற ஆளைக் கூப்பிட்டுருவீங்க."

வேலை போய்விடும் என்று நான் பட்ட பயத்தையெல்லாம் ஒருபக்கம் வைத்தாலும் இதற்கு ஈடாகாது. ஜூன் மாதத்திலிருந்து ஒரு குழந்தை கையைத் தூக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்திருக்கிறது. சட்டத்தை மீறி ஒருநாள்கூட வாய் திறக்கவில்லை. அவள் அட்டையில் நான் எழுதிய வரி எனக்கு மனப்பாடம்.

அவளிடம் போய், உன் அட்டையை நாளைக்குக் கொண்டுவா, அதில் நான் தப்பாக எழுதியிருக்கிறேன், அடித்துவிட்டுச் சரியாக எழுதித் தருகிறேன் என்றேன். வகுப்பு முழுவதும் கேட்கத்தான் சொன்னேன். பிறகு அவளைப் பையை எடுத்துக்கொண்டு முன்பெஞ்சில் வந்து உட்காரச் சொன்னேன்.

அவள் பையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள்.

"வேண்டாம் டீச்சர், நான் இங்கனயே இருக்கேன்" என்றாள். "இப்பத்தான் ஒங்களுக்குத் தெரியுதுல்லா."